காசநோயும் 'அந்தக் குடும்பமும்'

1929 டிசம்பர் முதல் 1930 ஏப்ரல் வரை ஜெர்மனியின் லூபெக் நகரில் பிறந்த குழந்தைகளில் 251 பேருக்கு பி.சி.ஜி. தடுப்பு மருந்து வாய்வழியாகப் புகட்டப்பட்டது. அந்த மருந்தைத் தயாரித்த ஆய்வுக்கூடத்திலேயே வீரியம் குறையாத காசநோய்க் கிருமியையும் வளர்த்துவந்தார்கள். இரண்டும் கலந்துவிட்டன. காப்பு என்று நம்பிப் பெற்றோர் கொடுக்கச் சம்மதித்த மருந்திலேயே நோய் இருந்தது. 72 குழந்தைகள் இறந்துபோயின. வழக்கு நடந்தது, பொறுப்பானவர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் மருத்துவ உலகை விடாமல் துரத்திய கேள்வி வேறு. மற்றக் குழந்தைகள் எப்படிப் பிழைத்தன? அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நோயின் அடையாளங்கள் தோன்றத்தான் செய்தன. காசநோய்க்கு ஒரு மாத்திரைகூட இல்லாத அந்தக் காலத்தில் அவை தாமாகவே தேறிவிட்டன.

பிறவியிலேயே சிலர் உடலுக்கு எதிர்க்கும் வலு உண்டு, சிலருக்கு இல்லை என்பதற்கு லூபெக்கைச் சான்றாகக் காட்டுவது நெடுங்கால வழக்கம். 2016இல் பழைய பதிவேடுகளை மீண்டும் புரட்டியவர்கள் அந்த விடையில் பாதியைத் திருத்தினார்கள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு கிருமி போகவில்லை. கலப்படம் மிகுந்த மருந்தைக் குடித்தவர்களிடையே சாவும் மிகுதி. ஆனால் அளவு மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடவும் இல்லை. உள்ளே போன கிருமியையும் கணக்கில் எடுக்க வேண்டும், அதை எதிர்கொண்ட உடலையும் எடுக்க வேண்டும். காசநோயைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. ஒரு தரப்பு 'வறுமை நோய்' என்று சொல்லி முடித்துக்கொள்கிறது. இன்னொரு தரப்பு பெண் பார்க்கப் போகும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, "அந்தக் குடும்பத்தில் டி.பி. இருக்காம்" என்கிறது. இரண்டாவது பேச்சு அறிவியலின் சாயலை எடுத்துக்கொண்டு வருவதால் அதற்கு அறிவியலைக் கொண்டே பதில் சொல்வது நல்லது.

உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு காசநோய்க் கிருமி தொற்றியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அவர்களில் வாழ்நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர்தான் நோயாளி ஆகிறார்கள். மற்றவர்கள் இருமுவதில்லை, இளைப்பதில்லை, யாருக்கும் பரப்புவதுமில்லை. தங்களுக்குத் தொற்று இருந்ததே தெரியாமல் முதுமையில் வேறு காரணத்தால் இறந்துபோகிறார்கள். இவ்வளவு சிறு பங்கினரே நோயில் விழுந்தும், 2023இல் மட்டும் உலகில் 1.08 கோடிப் பேர் புதிதாக நோயுற்றார்கள், 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் 26 விழுக்காட்டினர் இந்தியர்கள்.

உடலுக்குள் நடப்பது இதுதான். மூச்சுக்காற்றோடு நுரையீரலின் காற்றறைக்குப் போன கிருமியை அங்கே காவலிருக்கும் விழுங்கு செல் ஒன்று விழுங்கிவிடுகிறது. பிற கிருமிகளாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். காசநோய்க் கிருமியோ தன்னை விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியிருக்கப் பழகியது. அதைக் கொல்ல அந்தச் செல்லுக்கு வெளியிலிருந்து ஊக்கம் வேண்டும். விழுங்கு செல் இண்டர்லூகின்-12 என்ற புரதத்தை வெளியிட்டு டி செல்களை உசுப்புகிறது. டி செல்கள் பதிலுக்கு இண்டர்ஃபெரான்-காமாவை அனுப்புகின்றன. அது கிடைத்த பிறகுதான் விழுங்கு செல் முழு வேகத்துடன் கிருமியைத் தாக்குகிறது. தீப்பிடித்த கூரைக்குக் கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றும் வேலை போன்றது இது. நடுவில் ஒருவர் கை நழுவினாலும் தண்ணீர் போய்ச் சேராது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் பின்னால் ஒரு மரபணு இருக்கிறது.

கண்ணி அறுந்த குடும்பங்களைப் பார்த்துத்தான் இதையெல்லாம் கற்றார்கள். மால்டா தீவின் ஒரு கிராமத்தில் உறவுக்காரக் குழந்தைகள் சிலருக்கு, சாதாரண உடலை ஒன்றும் செய்யாத, காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தங்களான மைக்கோபாக்டீரியங்களே உயிரைப் பறிக்கும் நோயாக முற்றின. 1996இல் அதற்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. இண்டர்ஃபெரான்-காமாவை ஏற்கும் வாங்கி அக்குழந்தைகளின் செல்களில் வேலை செய்யவில்லை. அதே ஆண்டில், பி.சி.ஜி. போட்டதே உடல் முழுவதும் பரவிய ஒரு துனீசியக் குழந்தையிடமும் அதே குறை தெரிந்தது. பாரிஸிலும் நியூயார்க்கிலும் நோயெதிர்ப்பு ஆய்வாளர் ழான்-லொரான் கசநோவாவின் குழுவினர் அடுத்த கால் நூற்றாண்டில் இந்தச் சங்கிலியில் இன்னும் பல கண்ணிகளைக் கண்டார்கள். அவற்றில் டி.ஒய்.கே.2 மரபணுவின் ஒரு வகை சுவாரசியமானது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியில் சுமார் 600 பேருக்கு ஒருவர். வேறு எந்தக் கிருமியிடமும் அவர்கள் பெரிதாகத் தோற்பதில்லை, காசநோயிடம் தோற்கிறார்கள். பழங்கால எலும்புகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது, வெண்கலக் காலத்துக்குப் பிறகு இந்த வகை ஐரோப்பியரிடையே படிப்படியாக அருகிவந்தது தெரிந்தது. அதைச் சுமந்தவர்களைக் கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் காசநோய் வாரிக்கொண்டு போயிருக்கிறது என்பதே அதன் பொருள்.

இத்தனையும் உண்மை. ஆனால் இவையெல்லாம் அரிதான குறைகள். வேலூரிலோ தேனியிலோ சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்து மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இப்படி ஒற்றை மரபணு முறிவு எதுவும் கிடையாது. அவர்களுடைய மரபணுக்களில் என்ன இருக்கிறது என்று உலகம் முழுக்கத் தேடினார்கள். தமிழ்நாடும் அந்தத் தேடலில் முன்வரிசையில் இருந்தது. 1991இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆர்.எம். பிச்சப்பனும் அவருடன் பணியாற்றியவர்களும், கிருமியின் துண்டுகளை டி செல்களுக்கு எடுத்துக்காட்டும் எச்.எல்.ஏ. மரபணுக்களில் டி.ஆர்.2 என்ற வகை தென்னிந்தியக் காசநோயாளிகளிடம் கூடுதலாக இருப்பதைப் பதிவுசெய்தார்கள். சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையமும் அந்த வழியில் பல ஆண்டுகள் உழைத்தது. காம்பியாவில் ஒரு மரபணு, கானாவில் இன்னோர் இடம், ரஷ்யாவில் வேறொன்று, ஐஸ்லாந்தில் மீண்டும் எச்.எல்.ஏ. பகுதி என்று கண்டுபிடிப்புகள் வந்தபடி இருந்தன. ஓர் ஊரில் கிடைத்தது அடுத்த ஊரில் கிடைக்கவில்லை. பல கண்டங்களைச் சேர்ந்த 14,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுத் தரவுகளை ஒன்றுசேர்த்து 2024இல் வெளியான ஆய்வில், எல்லா மக்களிடமும் பொதுவாகத் தாக்குப்பிடித்து நின்றது எச்.எல்.ஏ. பகுதியில் இருக்கும் ஒரே ஒரு இடம்தான். மதுரைக்காரர்கள் முப்பதாண்டுகளுக்கு முன்பே கைவைத்த வட்டாரம் அது என்பதில் நாம் கொஞ்சம் பெருமை கொள்ளலாம். ஆனால் அந்த ஒன்றின் செல்வாக்கும் சிறியது.

ஆகவே யாருக்கு நோய் வரும் என்று இரத்தத்தைப் பார்த்து முன்கூட்டிச் சொல்லும் சோதனை இன்று இல்லை. வந்துவிட்டது என்று நாளை யாரேனும் விற்க வந்தால் நம்பத் தேவையில்லை. இதைத் தோல்வியாகப் பார்ப்பவர்கள் உண்டு. பொது வாழ்வுக்கு இதைவிடத் தெளிவான அறிவுரையை மரபியல் கொடுத்திருக்க முடியாது என்றே நமக்குத் தோன்றுகிறது. வலுக்குறைந்த மரபணுச் சேர்க்கை நம்மில் யாரிடமும் இருக்கலாம். ஒரே வீட்டில் அண்ணனிடம் இருந்து தம்பியிடம் இல்லாமலும் போகலாம். ஆளைப் பொறுக்கி எடுத்துக் காப்பாற்ற முடியாதபோது எல்லோரையும் காப்பாற்றுவது ஒன்றே வழி.

இரட்டையர் ஆய்வுகளை இங்கே யாராவது எடுத்து வைப்பார்கள். வைக்கட்டும். 1943இல் நியூயார்க்கில் கால்மன், ரைஸ்னர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 87 விழுக்காடு. இரு கரு இரட்டையரிடையே அது 26 விழுக்காடுதான். இதைப் பார்த்தால் மரபுதான் எல்லாம் என்று தோன்றும். 1978இல் ஜார்ஜ் காம்ஸ்டாக் பிரிட்டனின் இரட்டையர் தரவுகளைக் கவனமாகச் சலித்துப் பார்த்தபோது எண்கள் 32, 14 என்று இறங்கிவிட்டன. வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரிலும் மூன்றில் இருவருக்கு நோய் வராமலே போனதே, அதை யார் விளக்குவது? அந்தக் கால்மன்தான், மனச்சிதைவு நோயாளிகளின் உறவினர்களுக்கும் கருத்தடை செய்ய வேண்டும் என்று 1935இல் பெர்லினில் வாதிட்டவர். மரபுக் கணக்கு யார் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

கனடாவில் அது பேச்சோடு நிற்கவில்லை. அங்கே பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்துவைத்தார்கள். 1907இல் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் அந்தப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். அவர் ஆராய்ந்த பள்ளிகளில் படித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்திருந்தார். முதன்மைக் காரணம் காசநோய். காற்று நுழையாத கூடங்கள், நோயுற்ற பிள்ளைகளையும் நலமான பிள்ளைகளையும் சேர்த்துப் படுக்கவைத்தது, அரைவயிற்றுச் சாப்பாடு என்று காரணங்களை அவர் அடுக்கினார். செலவு பிடிக்கும் அந்த உண்மையைவிட, அந்த இனத்தாருக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி கிடையாது என்ற விளக்கம் ஆட்சியாளர்களுக்கு வசதியாக இருந்தது. பிரைஸ் ஓரங்கட்டப்பட்டார். 1922இல் தன் கைப்பணத்தில் அவர் வெளியிட்ட சிறு நூலுக்குப் பெயரே 'ஒரு தேசியக் குற்றத்தின் கதை'. புதிதாக நோயைச் சந்திக்கும் மக்களிடம் மரபுவழி எதிர்ப்பு குறைவாக இருந்திருக்கலாம் என்பதை இன்றைய மரபியல் மறுக்கவில்லை. ஆனால் ஜன்னலைத் திறக்காமல் இருந்ததற்கு மரபணு காரணமாக முடியாது.

அந்தக் கனடா அதிகாரிகளின் மனம் நமக்கு அந்நியமானது என்று தோன்றினால், ஒரு கல்யாணப் பேச்சில் உட்கார்ந்து பார்க்கலாம். பெண்ணின் அப்பாவுக்குப் பதினைந்து வருடங்களுக்கு முன் டி.பி. வந்து ஆறு மாதக் கோர்ஸ் முடித்துக் குணமாகியிருப்பார். அந்த ஒரு தகவலுக்காக ஜாதகம் பொருந்திய இடமும் பின்வாங்கும். பெண்ணுக்கே வந்திருந்தால் அவளுடைய எக்ஸ்ரே பீரோவின் அடியில் துணிக்குக் கீழே போகும். புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையைக் கைப்பையில் வைத்து விழுங்குபவர்கள், தெரிந்துவிடுமோ என்று பாதியில் நிறுத்துபவர்கள், தெரிந்ததும் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் எந்தச் சுகாதாரப் பணியாளரும் சொல்வார்கள். பாதியில் நின்ற மாத்திரைதான் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கிறது. அந்தக் கிருமி சம்பந்தம் பேசாமல் விட்ட வீட்டின் காற்றிலும் நுழையும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காசநோய் வந்த குடும்பம் என்று சம்பந்தத்தை ஒதுக்குவதில் மரபியல் நியாயம் ஏறக்குறைய எதுவும் இல்லை. மரபியல் நியாயம் உள்ள ஒரே இடம், நாம் நல்ல சம்பந்தம் என்று கொண்டாடும் இடம்: அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும், அக்கா மகளுக்கும் தாய்மாமனுக்கும் செய்துவைக்கும் திருமணம். மேலே சொன்ன ஒற்றை மரபணுக் குறைகளில் பல, தாய்வழியும் தந்தைவழியும் ஒரே பழுதான பிரதி வந்து சேரும்போதுதான் வெளிப்படுகின்றன. சொந்தத்தில் திருமணம் செய்யும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. நாட்டிலேயே சொந்தத்தில் திருமணம் மிகுதியாக நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எல்லா உறவுத் திருமணமும் நோயில் முடிவதில்லை. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனாலும் பி.சி.ஜி. போட்ட இடத்திலிருந்து நெறிகட்டிச் சீழ்வைத்து உடலெங்கும் பரவிய குழந்தை, அல்லது காசநோய் வகைத் தொற்று திரும்பத் திரும்ப வரும் குழந்தை உறவுத் திருமணத்தில் பிறந்ததாக இருந்தால், "ஏதோ போதாத காலம்" என்று விட்டுவிடாமல் நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்கான சோதனைக்கு அனுப்ப வேண்டும். காரணம் தெரிந்தால் சிலருக்கு இண்டர்ஃபெரான்-காமாவையே மருந்தாகக் கொடுக்க முடிகிறது.

மரபணு அறிவு இன்று உண்மையாகவே கைகொடுக்கும் வேறு சில இடங்களும் உண்டு. அவற்றில் ஒன்று சென்னையில் பிறந்தது. ஐசோனியசிட் மாத்திரையை உடல் எவ்வளவு விரைவாகச் சிதைக்கிறது என்பதை ஒரு மரபணு தீர்மானிக்கிறது. தென்னிந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவாகச் சிதைப்பவர்கள். வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுக்கும் முறையை சென்னை மையம் 1960களில் சோதித்தபோது, விரைந்து சிதைப்பவர்களுக்கு அது போதாமல் போனது தெரிந்தது. தினமும் கொடுத்தால் அந்த வேறுபாடு பெரிதாகப் பாதிப்பதில்லை. இன்னொன்று, அறிவியலாளர் வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை லலிதா ராமகிருஷ்ணன் வரிக்குதிரை மீன்களில் தொடங்கிய ஆராய்ச்சி. நோயெதிர்ப்பு குறைந்தால் மட்டுமல்ல, மிதமிஞ்சிப் போனாலும் கிருமிக்கே லாபம் என்பதை அவரும் சகாக்களும் எல்.டி.ஏ.4.எச். என்ற மரபணுவின் வழியாகக் காட்டினார்கள். மூளைக்காய்ச்சலாக மாறிய காசநோய்க்கு ஸ்டீராய்டு யாருக்கு அதிகம் உதவும் என்ற கேள்வியை வியட்நாம் நோயாளிகளிடம் அது எழுப்பியது. எதிர்ப்புச் சக்தியை 'ஏற்றும்' பொடிகளையும் கஷாயங்களையும் வாங்கிக் குவிப்பவர்கள் இந்த ஆராய்ச்சியை ஒருமுறை கேட்டுவைப்பது நல்லது.

மரபணு பிறப்போடு வருகிறது. அது வேலை செய்வதோ நாம் வாழும் உடம்பில். முடக்குவாதத்துக்கு டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது, உள்ளே அடங்கிக் கிடந்த காசநோய் விழித்துக்கொள்வதை 2001இல் கண்டார்கள். 2024இல், அதே புரதத்தைப் பிறவியிலேயே உருவாக்க இயலாத, கொலம்பியாவைச் சேர்ந்த உறவினர் இருவருக்குத் திரும்பத் திரும்பக் காசநோய் வந்தது பதிவானது. மருந்து செய்ததையும் மரபு செய்ததையும் ஒரே கண்ணியில் காண முடிந்தது. சர்க்கரை நோயும் பட்டினியும் இந்தச் சங்கிலியை வேறு வேறு வகையில் தளர்த்துகின்றன. கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய் காசநோய் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. உடல் எடை குறையக் குறைய ஆபத்து ஏறுகிறது. நல்ல மரபணுக்களோடு பிறந்தவரும் நாற்பது கிலோவுக்கு இறங்கும்போது அந்த நன்மையைப் பெருமளவு இழக்கிறார்.

இந்த இடத்தில் சென்னைக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. 1956இல் தொடங்கிய புகழ்பெற்ற சென்னை ஆய்வில் வாலஸ் ஃபாக்ஸும் அவருடைய குழுவினரும், சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கொடுத்து நடத்திய சிகிச்சையையும், நெரிசலான வீடுகளில் அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தவர்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்து நடத்திய சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். 1959இல் முடிவு வந்தது: இரண்டும் ஏறத்தாழச் சமம். வீட்டிலிருந்த நோயாளிகளால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதும் பின்தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கும், குடும்பத்தோடு இருந்தே குணமாகலாம் என்ற உரிமை ஏழைகளுக்குக் கிடைத்ததற்கும் இந்த ஆய்வு பெருங்காரணம். ஆனால் அதிலிருந்து உலகம் தேவைக்கு மேல் ஒரு முடிவை எடுத்துக்கொண்டது: மருந்து இருந்தால் போதும், சாப்பாடு பொருட்டல்ல. நோயாளி குணமாக உணவு எவ்வளவு முக்கியம் என்பதும், நலமாக இருக்கும் வீட்டாரை நோய் பிடிக்காமல் இருக்க உணவு எவ்வளவு முக்கியம் என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டாவது கேள்வியை ஐம்பது அறுபது ஆண்டுகள் யாரும் முறையாகக் கேட்கவில்லை.

கேட்டவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவத் தம்பதியினர். சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடத்திய அந்த ஆய்வில், நோயாளிகளின் வீட்டார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டார்கள். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப்பொருள் போனது. வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. 2023இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. உணவு பெற்ற வீட்டாரிடையே காசநோய் 39 விழுக்காடு குறைந்தது; பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. யாருடைய மரபணுவையும் அவர்கள் பரிசோதிக்கவில்லை. ரேஷன் கடையில் நம் ஊர்ப் பெண்கள் சர்வசாதாரணமாகத் தூக்கி வரும் எடைதான் அது.

பிறகு நாம் ஒத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பது அவ்வளவு சிக்கலானதல்ல. நடப்புக்குக் கொண்டுவருவதுதான் சிக்கல். ஒரு வீட்டில் ஒருவருக்கு உறுதியானதும் மற்ற எல்லோரும் சோதனைக்குப் போக வேண்டும். தொற்றியவர்களில் நோயாக முற்றுவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான். வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரம் சாப்பிடும் தடுப்பு மருந்தும் இன்று இருக்கிறது. ஆனால் "எனக்கு ஒன்றுமில்லை, நான் ஏன் மாத்திரை சாப்பிடணும்?" என்று கேட்கும் நலமான ஆளிடம் அதைக் கொண்டுசேர்ப்பது எளிதல்ல. அவருடைய உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்வதே நல்ல விடை.

முதலாளிகள் பங்குக்கு வருவோம். பின்னலாடை, தோல், கல்குவாரி, கட்டுமானம் என்று எங்கெல்லாம் ஆட்களை ஓர் அறைக்குப் பத்துப் பேராகத் தங்கவைக்கிறார்களோ அங்கெல்லாம் லூபெக்கின் அளவுக் கணக்கு நடந்துகொண்டிருக்கிறது: மூடிய அறை, பகிர்ந்த காற்று, உள்ளே போகும் கிருமியின் அளவு. கல் தூசி படிந்த நுரையீரலில் விழுங்கு செல்களே பழுதாகியிருக்கும். விடுதிக்கு ஜன்னல் வைப்பது, இருமல் இரண்டு வாரம் தாண்டினால் கூலி பிடிக்காமல் சோதனைக்கு அனுப்புவது, மருந்து தொடங்கித் தொற்றும் தன்மை குறையும் சில வாரங்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, பிறகு அதே வேலை. இதில் எதுவும் தர்மம் அல்ல. நோயை மறைக்கும் தொழிலாளியால் வரும் நட்டம் இதைவிடப் பெரிது.

அரசும் தன் பங்கைக் கணக்குக் காட்ட வேண்டும். நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018இல் தொடங்கிய ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரில் 1,000 ஆனது. வரவேற்கிறோம். ஆனால் ஜார்க்கண்ட் ஆய்வு சொன்னது வீட்டாருக்கும் உணவு வேண்டும் என்று. பணம் உரிய மாதத்தில் வந்து சேரவும் வேண்டும். தமிழ்நாடு 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நம்பிக்கை தரும் ஒன்று. நோய் உறுதியான அன்றே எடை மிகக் குறைந்தவர், மூச்சு திணறுபவர், பிடிமானமின்றி எழுந்து நிற்க முடியாதவர் யார் என்று சுகாதாரப் பணியாளரே பார்த்து, அவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்கிறார்கள். எடை பார்க்கும் கருவி, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி, ஒரு கேள்வி. மரபணு வரிசை படிக்கும் இயந்திரத்தைவிட அந்த எடைக் கருவி இன்று அதிக உயிரைக் காக்கிறது என்பது நம் கணிப்பு. தனியார் மருத்துவர்களுக்கும் இதில் விலக்கில்லை. காசநோயாளி விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம்.

மரபணு ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. நல்ல தடுப்பூசிக்கும், நோயெதிர்ப்பைச் சீராக்கும் மருந்துக்கும் வழி அங்கேதான் இருக்கிறது. நம் மக்களின் பன்முக மரபு ஐரோப்பியத் தரவுகளில் கிடைக்காது என்பதால் இங்கேயே நடக்கவும் வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு: இரத்தம் கொடுத்தவரின் மரபு விவரம் காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலை கொடுப்பவருக்கோ சம்பந்தம் பேசுபவருக்கோ ஒருபோதும் போய்ச் சேரக்கூடாது. சாதி வாரியாக, ஊர் வாரியாக 'இவர்களுக்கு எதிர்ப்பு குறைவு' என்று தலைப்புச் செய்தி போடும் ஆசையைப் பத்திரிகைகளாகிய நாமும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஊராட்சிகளிடம் ஒரு வேண்டுகோள். காசநோய் இல்லாத ஊராட்சி என்று 2023 முதல் சான்றிதழ் வழங்குகிறார்கள். அதற்கான அளவுகோல்களில் ஆயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கு மேல் இருக்கக்கூடாது என்பதும் ஒன்று. ஆயிரம் பேருக்கு முப்பது பேரையாவது சோதித்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் எண்ணைத் துரத்தினால் இருமுபவரைக் கண்டும் காணாமல் விடத் தோன்றும். சான்றிதழுக்காக ஒரு வீடு வாயை மூடிக்கொள்ள நேரும். தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. உலகக் காசநோய் நாளுக்கு இரண்டே நாள் முன்பு. அந்தக் கூட்டத்தில் தண்ணீர் தீர்மானத்தோடு சேர்த்து மூன்று கேள்விகளை எழுப்பலாம். ஊரில் இந்த ஆண்டு எத்தனை பேருக்குச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் நடந்தது? நோயாளி இருந்த வீடுகளில் எத்தனை வீட்டாருக்குத் தடுப்பு மாத்திரை முடிந்தது? உணவுப்பொருள் எத்தனை மாதம் தவறாமல் போனது? நோயாளி யார் என்ற நான்காவது கேள்வியை எவராவது கேட்டால், தலைவர் அதற்கு அனுமதி மறுக்க வேண்டும்.